மூடாத பக்கம்

அந்த ஆம்புலன்ஸ் நிலையத்தில் எல்லாரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மேனேஜர்கூட, "அண்ணி, இந்தப் பிரிண்டர் மறுபடி முரண்டு பிடிக்குது, கொஞ்சம் வாங்க" என்பார். அதற்குக் காரணம் ஏழாம் வண்டியை ஓட்டிய அவளுடைய நாத்தனார். அண்ணி புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்த நாத்தனார், செருப்பை வைத்தே ஆளை அடையாளம் கண்டு "அண்ணீ!" என்று கத்தினாள். தகரக் கூரையில் மோதி எதிரொலித்த அந்தச் சத்தம் அன்றோடு எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நாத்தனாருக்கு அங்கே பம்பரம் என்று பெயர். நெரிசலுக்குள் வண்டியைச் சுழற்றி எடுத்துக்கொண்டு போகிற விதம் அப்படி.

ஆனால் இந்தச் சம்பவம் நடந்த சமயத்தில் பம்பரம் மட்டும் அவளை அண்ணி என்று கூப்பிடுவதை விட்டிருந்தாள். மேடம் என்றாள். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்கூட, "மேடம், அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்றுதான். அண்ணியின் புருஷன், அதாவது பம்பரத்தின் அண்ணன், மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடிப்பான்.

சண்டை ஒரு வெப் பக்கத்தைப் பற்றியது.

நிலையத்தில் முன்பு ஓடிக்கொண்டிருந்த மென்பொருளுக்கு, பிரவுசரில் தனியாக ஒரு செருகலை, அதாவது பிளக்-இன்னை, பொருத்த வேண்டும். அது இல்லாவிட்டால் மேப் வராது. அந்தச் செருகலை இனி எந்தப் பிரவுசரும் ஏற்காது என்று அறிவிப்பு வந்து நாளாகியும், மேனேஜர் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஓரமாக வைத்துவிட்டார். ஒரு காலையில் எல்லாத் திரையும் சாம்பல் கட்டமாக நின்றபோதுதான் அண்ணியைத் தேடி ஓடி வந்தார்.

"செருகல் எதுவுமே வேண்டாம் சார். இப்ப புது விதிமுறைகள் வந்திருக்கு" என்றாள் அண்ணி. "உலகம் முழுக்க இருக்கிற கம்பெனிக்காரங்க கமிட்டி போட்டு, அடிச்சுப் பிடிச்சு, ஒரே மாதிரி விதி எழுதியிருக்காங்க. மேப், வண்டி எங்க நிக்குது, அவசரச் செய்தி எல்லாம் பிரவுசருக்குள்ளேயே ஓடும். நெட் இல்லாட்டியும் ஓடும்."

ராத்திரி பகலாக உட்கார்ந்து அவள் அதை எழுதினாள். நன்றாகவும் ஓடியது. நன்றாக ஓடியதுதான் வினை. "அதான் எல்லாம் பிரவுசர்லயே வந்திடுச்சே" என்று மேனேஜர் வண்டிகளில் இருந்த வயர்லெஸ் கருவிகளைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார். கழற்றச் சொன்னது அண்ணி இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மேலிடத்தில் தன் வேலையைப் பாராட்டிப் பேசிய கூட்டத்தில்தான் அந்த முடிவும் வந்தது. அந்த நேரத்தில் குறுக்கே பேச அவளுக்கு மனம் வரவில்லை.

"வாயைத் திறந்திருக்கலாம்ல?" என்று பம்பரம் அன்று இரவு கேட்டாள். "எங்க உயிர்நாடியைப் பிடுங்குறாங்க, நீங்க பொன்னாடை போர்த்திக்கிட்டு நின்னீங்க."

"ஊர்ல எல்லாரும் வயர்லெஸ்ஸை விட்டாச்சு. நீ இன்னும் தபால் புறா கேப்ப போல" என்றாள் அண்ணி. சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அம்பு கிளம்பிவிட்டது. மறுநாளிலிருந்து மேடம்.

டிரைவர்களுக்கான பயிற்சி வகுப்பில் அண்ணி எளிமையாகத்தான் சொல்லிப் பார்த்தாள். "இந்தப் பக்கத்துக்குப் பின்னால ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான்னு வெச்சுக்குங்க. சிக்னல் இருக்கும்போது வேண்டியதையெல்லாம் வாங்கி மடியில கட்டிக்குவான். சிக்னல் போச்சுன்னா மடியிலேர்ந்து எடுத்துக் குடுப்பான். அதனால மலைப்பாதையிலகூட மேப் நிக்காது."

"அவனுக்கும் பேட்டா உண்டா?" என்று ஒரு டிரைவர் கேட்க, வகுப்பே சிரித்தது.

"சம்பளமே இல்லாத ஆள் அவன். ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்கணும். பக்கத்தை மூடாதீங்க. அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கட்டும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பம்பரமும் ஆட்டினாள்.

சில வாரம் கழித்து, அண்ணி தன் வேலையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள். சிக்னல் தடுமாறும் இடத்தில் அந்த மடிக்கார ஆள் ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பழசிலிருந்தே எடுத்துக் காட்டினான். காட்டுவது பழசு என்று சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி பச்சை, அதாவது நோயாளியைச் சேர்க்கும், எது சிவப்பு, அதாவது மூடியிருக்கிறது என்பதுதான் அந்தப் பட்டியல். பழைய பச்சை என்றால் பொய்ப் பச்சை. அன்றைக்கே சரிசெய்து புதுப் பதிப்பை வெளியிட்டாள். பழசாக இருந்தால் மஞ்சள் பட்டை வரும், தேதியும் வரும். மறுநாள் பெரும்பாலான வண்டிகளில் புதுசு ஏறியிருப்பதைப் பார்த்ததும் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

பிறகு அந்தப் பகல் வந்தது.

வானம் மூட்டம் போட்டிருந்தது. கன்ட்ரோல் அறையில் மைக் அண்ணன் அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயர்லெஸ் காலத்தில் மைக்கும் கையுமாக இருந்தவர். மைக் போனாலும் பெயர் போகவில்லை. மேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பேசிய பெண் இருமிக்கொண்டே பேசினாள். அவசரப் பிரிவில் மின்கசிவு, கூரை வரைக்கும் புகை, நோயாளிகளை வெளியே தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், தயவுசெய்து யாரையும் அனுப்பாதீர்கள். மைக் அண்ணன் உடனே மேட்டு ஆஸ்பத்திரியைச் சிவப்பாக்கினார். அடுத்த மேஜையில் இருந்த அண்ணிக்கும் அந்தச் சிவப்பு தெரிந்தது.

"மேட்டுக்கு யாராவது போயிட்டிருக்காங்களாண்ணே?"

"ஏழு. அடிவாரத்துல ஒருத்தருக்கு நெஞ்சு வலி. ஏத்திட்டா. சிவப்பைப் பார்த்துட்டு ஆத்தோர ஆஸ்பத்திரிக்குத் திருப்பிடுவா."

ஊரில் பெரிய ஆஸ்பத்திரிகள் இரண்டு. ஒன்று மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வரும் மேட்டு ஆஸ்பத்திரி. இன்னொன்று ஊருக்குள்ளே ஆற்றோரம். அடிவாரத்திலிருந்து சாலை இரண்டாகப் பிரியும்: இடது பக்கம் மலை, வலது பக்கம் ஊர். சுவரில் இருந்த பெரிய திரையில் ஏழாம் வண்டியின் புள்ளி பிரிவுக்கு வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இடது பக்கம் திரும்பியது.

"என்ன பண்றா இவ?" மைக் அண்ணன் போனை எடுத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரையில் புள்ளி சாம்பல் நிறமாகி நின்றுவிட்டது. மலைப்பாதையில் சிக்னல் கிடையாது. கல் குவாரி வளைவில் மட்டும் கொஞ்ச தூரத்துக்குக் கிடைக்கும். அதை விட்டால் உச்சியில்தான்.

"வேணும்னே போறாளோ? உங்க மேல இருக்கிற கோபத்துல?"

"இல்லண்ணே" என்றாள் அண்ணி. அவளுடைய விரல்கள் ஏற்கெனவே எந்த வண்டியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தன. எல்லா வண்டியிலும் புதுசு. ஏழில் மட்டும் பழசு.

அவள் அந்த வரியைத் திறந்து பார்த்தாள். பக்கம் ஒருமுறைகூட மூடப்படவில்லை.

அந்த விதிமுறையை எழுதியவர்கள் மரியாதைக்காரர்கள். பக்கம் திறந்திருக்கும்வரை பழைய ஆளை எழுப்ப மாட்டார்கள். புது ஆள் வந்து வாசலிலேயே நிற்பான். பக்கத்தை ஒருமுறை மூடித் திறந்தால்தான் உள்ளே வருவான். மற்ற டிரைவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். பம்பரம் ஒருத்திதான் அண்ணி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருந்தாள். மூடாதீங்க என்றாள் அண்ணி, மூடவில்லை.

"அடிவாரத்துல சிக்னல் தடுமாறும். அவ திரையில மேட்டு ஆஸ்பத்திரி இன்னும் பழைய பச்சையாத்தான் இருக்குண்ணே."

மைக் அண்ணனுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. "அய்யய்யோ. அங்க ஒத்தைச் சாலை. ஃபயர் எஞ்சின் எல்லாம் ஏறியிருக்கும், ஆளுங்க வேற ரோட்டுல. உள்ள மாட்டுனா வண்டி திரும்பி வராதே."

"அவசரச் செய்தி அனுப்புங்க."

"அனுப்பிட்டேன். அவ சத்தத்தை எப்பவோ ஊமையாக்கிட்டா. நாள் முழுக்க டிங் டிங்னு கத்துதுன்னு. ஓட்டுறப்போ மூலையில வர்ற துண்டுச் செய்தியை எங்க பார்க்கப் போறா?"

குவாரி வளைவு. வண்டி அங்கே போய்ச் சேர இன்னும் சில நிமிடம்தான். பக்கம் திறந்திருக்கும்வரை, சிக்னல் கிடைத்த உடனே புதுசு வந்திருக்கிறதா என்று அது எட்டிப் பார்க்கும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். ஆகவே வாசலில் காத்திருக்காத ஒரு பதிப்பை இப்போதே அனுப்ப வேண்டும். வந்ததும் பழையவனைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, பக்கத்தையே முழுக்க மாற்றிவிடுகிற பதிப்பு. மூலையில் துண்டுச் செய்தி இல்லை. திரை முழுக்கச் சிவப்பு.

மேனேஜர் கதவருகே வந்து நின்றிருந்தார். "என்ன அண்ணி, என்ன?"

அவள் தட்டிக்கொண்டே சொன்னாள். அவர் முகம் வெளிறியது. "ஏழுக்கு மட்டும் அனுப்ப முடியாதா?"

"அதுக்கு வழி வெச்சு எழுதல சார். எல்லா வண்டிக்கும்தான் போகும். எல்லாத் திரையும் வெள்ளையாகி மறுபடி வரும். பாதி வழியில இருக்கிறவங்களுக்கு மேப் கொஞ்ச நேரம் இருக்காது."

"மத்த வண்டியிலயும் பேஷன்ட் இருக்காங்களே! ஓடுற நேரத்துல எதையும் மாத்தக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே!"

"ஆமா சார். அனுப்பட்டுமா?"

மேனேஜர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அது அடிக்கவில்லை. "நான் ஒரு கால் பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

மைக் அண்ணன் அவர் முதுகைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அதை இங்கே எழுத முடியாது. அவர் குவாரி ஆபீஸ் நம்பரைத் தேடி எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். யாரையாவது ரோட்டில் நின்று வண்டியை மறிக்கச் சொல்லலாம். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

அண்ணிக்கு நிரல் எழுத நேரம் ஆகவில்லை. திரையில் என்ன எழுதுவது என்பதில்தான் கை நின்றது. "மேட்டு ஆஸ்பத்திரி மூடப்பட்டுள்ளது, மாற்றுவழி செல்லவும்" என்று முதலில் தட்டினாள். இதைப் பார்த்தால் பம்பரம் என்ன நினைப்பாள்? இந்தத் திரை பொய் சொல்லும் என்று நிலையம் முழுக்கச் சொல்லித் திரிபவள் அவள். இப்போதுதான் பச்சை காட்டியது, திடீரென்று சிவப்பு காட்டினால், மேடத்தோட டப்பா மறுபடி கிறுக்குப் பிடிச்சிருக்கு என்று சொல்லிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பாள். மேட்டு ஆஸ்பத்திரி பக்கத்தில், ஊருக்குத் திரும்புவது தூரம். பின்னால் ஒரு உயிர் துடித்துக்கொண்டிருக்கிறது.

அதை அழித்துவிட்டு அவள் வேறு எழுதினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது ஒரு கணம் மற்ற வண்டிகளை நினைத்தாள். அழுத்தினாள்.

குவாரி ஆபீஸில் யாரோ போனை எடுத்தார்கள். மைக் அண்ணன் கத்தினார். அந்தப் பக்கம் சாவகாசமான ஒரு குரல், "இப்பதானே சார் சைரன் போட்டுக்கிட்டுப் போச்சு" என்றது.

அதே நேரம் சுவர்த் திரையில் ஏழாம் புள்ளி குவாரி வளைவில் உயிர் பெற்றது. நீலமாக ஒருமுறை, இருமுறை துடித்தது. சாம்பலானது.

"போய்ச் சேர்ந்துச்சா?"

"தெரியல. செய்தி முழுசா இறங்குறதுக்கு முன்னாடியே சிக்னல் அறுந்திருக்கலாம்."

"தெரியறதுக்கு?"

"உச்சிக்குப் போனா தெரியும்."

உச்சிக்குப் போனால் அந்தப் பக்கம் இறக்கம்தான். திரும்ப இடமில்லை. மற்ற வண்டிகளிலிருந்து போன் மேல் போன் வரத் தொடங்கியது. "அண்ணே, திரை வெள்ளையாப் போச்சு!" "அண்ணே, என்னமோ சத்தியம்னு எல்லாம் வருது, யாருக்கு?" மைக் அண்ணன் ஒவ்வொருவருக்கும் வாயாலேயே வழி சொன்னார். அண்ணி சாம்பல் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நகத்தைக் கடிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது, அன்று கடித்தாள்.

வண்டிக்குள் நடந்தது பம்பரம் பிறகு சொன்னதுதான்.

பின்னால் ஸ்ட்ரெச்சரில் மர அறுவை மில்லில் வேலை பார்க்கும் ஒருவர். நர்ஸ் அவர் பக்கத்தில். முன் சீட்டில் அவர் மனைவி, மடியில் அவருடைய சட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு. குவாரி வளைவைத் தாண்டியதும் திரை வெள்ளையாகியது. "சனியன் பிடிச்ச டப்பா" என்று பம்பரம் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். அடுத்த வளைவில் திரை ரத்தச் சிவப்பாகி, பெரிய எழுத்தில் ஏதோ வந்தது. பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அவளால் கண்ணைத் திருப்ப முடியவில்லை.

"அம்மா, அதுல என்ன போட்டிருக்கு? கொஞ்சம் படிங்க."

அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தாள். "பம்பரம், மேட்டு ஆஸ்பத்திரி எரியுது. உள்ளே போனா வெளியே வர முடியாது. உன் அண்ணன் மேல சத்தியமா சொல்றேன், ஆத்தோர ஆஸ்பத்திரிக்குத் திரும்பு. அண்ணி." படித்துவிட்டு, "யாரும்மா பம்பரம்?" என்றாள்.

"நான்தான்" என்றாள் பம்பரம்.

"நிஜமா? எரியுதா? இதுவரைக்கும் பச்சையா இருந்துச்சே?"

பம்பரம் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். மலை குறுக்கே நின்றது. புகை எதுவும் தெரியவில்லை. பின்னாலிருந்து நர்ஸ் ஜன்னலைத் தட்டி, "இன்னும் எவ்வளவு தூரம்? நாடி இறங்குது" என்றார். மேடு கிட்டத்தில். ஆற்றோரம் தொலைவில். அண்ணி சத்தியம் பண்ணி அவள் பார்த்ததே இல்லை. யாராவது குழந்தை மேல், சாமி மேல் சத்தியம் பண்ணினால், "உண்மையைச் சொல்றவனுக்கு ஜாமீன் எதுக்கு?" என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவள் கட்டின புருஷனை இழுத்து ஆபீஸ் திரையில் எழுதியிருக்கிறாள் என்றால்.

"பிடிச்சுக்குங்க" என்றாள் பம்பரம்.

திரும்ப அகலம் போதாத இடம். எதிரே கல் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. அவள் சைரனை நிறுத்தாமல் விளக்கை அடித்து அதை மறித்தாள். லாரிக்காரர் வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே இறங்கியவர், விஷயம் புரிந்ததும் பள்ளத்து ஓரத்தில் தானே போய் நின்றுகொண்டு, "வா, வா, இன்னும் வா, நில்லு!" என்று கை காட்டினார். பின்சக்கரம் ஓரக் கல்லை இடித்துக்கொண்டு நின்றது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். வண்டி ஊரைப் பார்த்துத் திரும்பியது.

கன்ட்ரோல் அறையில் புள்ளி மறுபடி நீலமானது. உச்சியில் இல்லை. குவாரி வளைவில். கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மைக் அண்ணன் நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார். அண்ணி ஆற்றோர ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஏழாம் வண்டி வருகிறது என்று சொன்னாள்.

ஆற்றோர ஆஸ்பத்திரியில் நோயாளியை ஒப்படைத்துவிட்டுப் பம்பரம் போன் செய்தாள். "உள்ள கொண்டுபோயிட்டாங்க அண்ணி. உசுரு இருக்கு. வேற எதுவும் தெரியல." பிறகு கேட்டாள்: "அண்ணனை வெச்சா சத்தியம் பண்ணுவீங்க? ஊரே படிச்சிருக்கு."

"வேற யாரை வெச்சா நீ நம்புவ?"

பதிலுக்கு வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நேரம் கடந்துவிட்டதால் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. மரம் தூக்கும் வேலைக்கு இனி போக முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வண்டியில், திரை வெள்ளையான நேரத்தில் டிரைவர் ஒருவழிப் பாதைக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்த முதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அவர் மகன் நிலையத்துக்கு வந்து மேஜையைத் தட்டிவிட்டுப் போனான்.

மில்காரரின் மனைவியும் வந்தாள். மேஜையைத் தட்டவில்லை. அண்ணியைக் கேட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"முதல்லயே அது சிவப்பாக் காட்டியிருந்தா, நாங்க நேரா ஊருக்குள்ள போயிருப்போம் இல்லையா?"

மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளிருந்து வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டுவது அண்ணிக்குத் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றாள். "போயிருப்பீங்க. அவருக்கு இவ்வளவு சேதம் ஆகியிருக்காது."

அந்த அம்மா திட்டுவாள், அழுவாள் என்று அண்ணி காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த ஒரு சொல்லை அண்ணியால் பல நாள் விழுங்க முடியவில்லை.

விசாரணையில் மேனேஜர், டிரைவர் எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார், புரோகிராமர் என்னிடம் அனுமதி வாங்காமல் மாற்றம் செய்தார் என்றார். இரண்டும் பொய்யில்லை. பம்பரம் எழுந்து, "நிறுத்தினது நிஜம். தண்ணி லாரி எங்க நிக்குதுங்கிறதுக்கெல்லாம் கத்தினா யாருதான் நிறுத்த மாட்டாங்க?" என்றாள். அண்ணி தன் முறை வந்ததும், ஓட்டை தன்னுடையது, பக்கத்தை மூட வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்ததும் தானே, புதுசு எல்லா வண்டியிலும் ஏறியதா என்று கடைசிவரை பார்க்காமல் விட்டதும் தானே என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "வயர்லெஸ்ஸைக் கழற்றின அன்னிக்கு நான் எதிர்த்துப் பேசியிருக்கணும்" என்றும் சொன்னாள். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

முடிவு இப்படி வந்தது: வயர்லெஸ் கருவிகள் மறுபடி பொருத்தப்படும். மில்காரர் குடும்பத்துக்கு நிலையம் இழப்பீடு தரும். அண்ணி இனி தனியாக எதையும் வெளியிடக் கூடாது, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதோடு ஒரு மாதம் அவள் வண்டிகளிலேயே உட்கார்ந்து போக வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் தண்டனை என்று நினைத்துத்தான் எழுதினார்கள்.

முதல் நாளே ஏழாம் வண்டி வாய்த்தது. அண்ணி முன் சீட்டில் ஏறி, தன் கைப்பட எழுதிய பக்கத்தை முதல்முறையாக ஓடும் வண்டியில் இருந்து பார்த்தாள். மேகம் இல்லாத நாள். கண்ணாடி வழியாக வெயில் நேரே திரையில் அடித்தது. பச்சையும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. வெளியே ஓடுகிற மரக்கிளைகள்தான் அதில் ஓடின. அவள் கையை வைத்து மறைத்துப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எப்பவும் இப்படித்தானா?"

"வெயில் இருக்கிற வரைக்கும்."

"அப்ப அன்னிக்கு அந்தம்மா எப்படிப் படிச்சாங்க?"

"அன்னிக்கு மூட்டம்" என்றாள் பம்பரம், கியரை மாற்றிக்கொண்டே. "இல்லாட்டி படிச்சிருக்க முடியாது."

அண்ணி பேச வாயெடுத்தாள். அதற்குள் வயர்லெஸ்ஸில் மைக் அண்ணனின் குரல் கரகரத்தது: சந்தை ரோடு, மாடிப்படியிலிருந்து விழுந்த ஒரு பெண், மயக்கம். பம்பரம் சைரனைப் போட்டாள். அண்ணி கதவுப் பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைத் திரைக்கு மேலே குடைபோலப் பிடித்து, போக வேண்டிய வழியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.